ஒரு கேபிளைக் குறைக்கலாமா?

அன்பு அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. நேற்று போனில் நீ கேட்டதற்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. "கிர்டருக்கு ஒரு கேபிள் குறைத்தால் பாலத்தின் செலவு இறங்கும் என்கிறார்கள், செய்யலாமாப்பா?" என்றாய். பாலத்தின் கான்கிரீட் உத்தரத்துக்குள் இழுத்துக் கட்டும் எஃகுக் கேபிளைத்தான் சொல்கிறாய். ராத்திரி தூக்கமே இல்லை.

உன் தாத்தா வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவதை நான் சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இரும்பு வளையத்தை வறட்டித் தீயில் பழுக்கக் காய்ச்சி, சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கி மரத்தை நெருக்கிப் பிடிக்கும். பிரீஸ்ட்ரெஸ் என்பது இதுதான்: பாரம் வரும் முன்பே கான்கிரீட்டைக் கேபிளால் நெருக்கிப் பிடிப்பது. ஆனால் கோடையில் மரம் காய்ந்தால் பட்டா லொடலொடத்துவிடும். கான்கிரீட்டும் காயக் காயச் சுருங்கும், பாரம் சுமக்கச் சுமக்க மெல்லக் குறுகும். பிரான்சில் ஃபிரெசினே என்ற பொறியாளர் கட்டிய லெ வெர்த்ர் பாலத்தின் வளைவுகள் 1911வாக்கில் மாதக்கணக்கில் இறங்கிக்கொண்டே போயின. ஜாக் வைத்துத் தூக்கித்தான் காப்பாற்றினார். அங்கே கற்றதை வைத்து 1928இல் பிரீஸ்ட்ரெஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். சாதாரணக் கம்பியை இழுத்தால் மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் நீளும். கான்கிரீட்டின் சுருக்கம் அதை அப்படியே தின்றுவிடும். நீ போடும் ஸ்ட்ராண்ட், அந்த வலுவான முறுக்குக் கம்பி, மீட்டருக்கு ஏழு மில்லிமீட்டர் நீளும். ஒன்று போனாலும் ஆறு நிற்கும். கணக்கு இடம் கொடுத்தால் ஒரு கேபிளைத் தாராளமாக எடு, நான் தடுக்கவில்லை. ஆனால் பணம் அங்கே இல்லை.

முதலில் ஆற்றைப் பார். பாறை ஆழத்தில் கிடந்தால் ஒவ்வொரு தூணும் பணத்தை விழுங்கும், கண்களை, அதாவது தூணுக்கும் தூணுக்கும் நடுவிலுள்ள தூரத்தை, நீளமாக்கு. பாறை மேலாக இருந்தால் சின்னக் கண்களே போதும். ஒரு தூணும் அதன் அடித்தளமும் பிடிக்கும் பணமும், ஒரு கண்ணின் மேல்கட்டுமானத்துக்கு ஆகும் பணமும் ஏறக்குறைய சமமாகிற நீளத்தைத் தேடு. பழைய விதிதான், தோராயமானதுதான். ஆனாலும் முதல் நாள் பென்சில் கோட்டுக்கு இதைவிட நல்ல துணை எனக்குக் கிடைத்ததில்லை. அதன் பிறகு எல்லாக் கண்களையும் ஒரே அளவாக்கப் போராடு. ஒரே ஷட்டரிங், ஒரே கம்பி வளைப்பு, ஒரே கை. பத்தாவது கிர்டர் வார்க்கும்போது ஆட்களுக்குச் சொல்லித்தர ஒன்றும் மிச்சமிருக்காது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, எஃகுக்குப் பஞ்சமான நாளில், அதே ஃபிரெசினே மார்ன் நதியின் மேல் ஐந்து பாலங்களை ஒரே வடிவத்தில், 74 மீட்டர் கண்களாக, முன்கூட்டி வார்த்த துண்டுகளைக் கோத்துக் கட்டினார். சிக்கனம் என்றால் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

இன்னொன்று, உன்னிடம் இதுவரை சொல்லாதது. எனக்கு முப்பது வயதிருக்கும். ஒரு பாலத்தில் கேபிள் இழுத்து முடித்து, அது துருப்பிடிக்காதிருக்க அதன் குழாய்க்குள் கிரவுட், அதாவது சிமெண்ட் பால், ஏற்றிக்கொண்டிருந்தோம். மூன்றாவது கிர்டரில் மறுமுனைக் குழாய் வழியாகக் கெட்டியான பால் வரவேண்டும். வெறும் தண்ணீர்தான் வந்தது, பிறகு அதுவும் நின்றது. குழாயைத் தண்ணீர்விட்டுக் கழுவி மறுநாள் புதிதாக ஏற்றியிருக்க வேண்டும். இருட்டிவிட்டது, காண்ட்ராக்டரின் ஆட்கள் கிளம்ப அவசரப்பட்டார்கள், நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மிஞ்சிப்போனால் சில மூட்டை சிமெண்டும் ஒரு நாள் கூலியும் ஆகியிருக்கும். பாலம் நிற்கிறது. ஆனால் பஸ் அதன்மேல் ஏறும்போதெல்லாம் என் வயிறு கலங்கும். வேல்ஸில் 1953இல் கட்டிய இனிஸ்-அ-க்வாஸ் பாலம், கேபிள் துருப்பிடித்து, 1985இல் எந்த அறிகுறியும் காட்டாமல் விழுந்தது. கிரவுட்டுக்குள் வெற்றிடம் இருக்குமோ என்ற பயத்தில் 1992இல் பிரிட்டன் இவ்வகைப் புதுப் பாலங்களையே சில வருடம் நிறுத்திவைத்தது. உள்ளே அரிப்பதை வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது, அம்மிணி.

அதனால் உன் டிராயிங்கில் கேபிள் மேலே ஏறும் ஒவ்வொரு உச்சியிலும் காற்றுப்போக்கிக் குழாயைக் கையோடு வரைந்துவிடு. "சைட்டில் பார்த்துக்கொள்ளவும்" என்று எழுதி விட்டுவிடாதே. சைட்டில் பார்த்துக்கொள்ள வேண்டியவன் நானாகத்தான் இருந்தேன்.

அம்மா முருங்கைக்கீரைப் பொடி அனுப்பியிருக்கிறாள். நீ வரும்போது அந்தக் கண்களின் அளவுகளைக் கொண்டு வா, உட்கார்ந்து பார்ப்போம்.

அப்பா