எந்த ஊர் ஆமை சார் அது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் விவசாயப் பக்கத்துல "குட்டையில் ஆமைத் தொல்லையா? பிடித்து அப்புறப்படுத்துங்கள்"னு போட்டிருந்தீங்க. அதைப் படிச்சிட்டு என் மச்சான் அன்னைக்கே கால் கிலோ கோழி ஈரல் வாங்கிட்டு வந்துட்டாரு, தூண்டில்ல மாட்ட. நல்லவேளை நான் வீட்ல இருந்தேன்.

நீங்க போட்டது ஸ்னாப்பிங் ஆமை. கனடா, அமெரிக்காவுல இருக்கிறது, 15 கிலோ வரைக்கும்கூட வரும், தலையை ஓட்டுக்குள்ள முழுசா இழுத்துக்க முடியாது, அதனாலதான் கரையில மாட்டுனா கடிக்க வருது, தண்ணிக்குள்ள இருந்தா அதுவே ஒதுங்கிப் போயிடும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா. "வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள்"னு எச்சரிக்கை வேற. சரிதான், அதுக்கு முதலை மாதிரி நீள வால். குறிஞ்சிப்பாடி பக்கம் என் குட்டையில கிடக்கிறது பால் ஆமை சார், அதோட வாலைத் தேடித்தான் பிடிக்கணும்.

அதைப் பிடிச்சா என்ன ஆகும்னு ஒரு வரி இல்ல. 1972 வனவிலங்குச் சட்டத்துல புலி இருக்கிற அதே முதல் பட்டியல்ல இதுவும் இருக்கு, பிடிச்சாலும் கொன்னாலும் 3 வருஷத்துல இருந்து 7 வருஷம் உள்ள போகணும். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதும்பாங்க, உங்க யோசனையைக் கேட்டிருந்தா ரெண்டும் ஒரே நாள்ல வந்திருக்கும். இதுல கடைசிப் பக்கத்துல ஆமை மோதிரம் விளம்பரம், போட்டா பணம் கொட்டுமாம்!

2015 நவம்பர் வெள்ளத்துல என் கட்லா, ரோகு எல்லாம் அடிச்சிட்டுப் போச்சு, தண்ணி வடிஞ்சப்ப இந்த ஆமைங்கதான் மிச்சம். ஒருநாள் இழுவலையில ஒண்ணு சிக்குச்சு, சாப்பாட்டுத் தட்டு அகலம். மூங்கில் கழியால தள்ளப் பாத்தேன், கழுத்தை நீட்டி ஒரே கவ்வு, கழியைத் தூக்குனா ஆமையும் கூடவே வருது. அப்படியே தண்ணி ஓரமா இறக்குனதும் கழியை விட்டுட்டு நாலு கொப்புளம் விட்டுட்டுப் போயிடுச்சு. நான் பாத்த வரைக்கும் அது தின்னது செத்த மீனு, நத்தை, தவளைதான், வலை கிழிஞ்சதுதான் எனக்கு நஷ்டம். ஒரு ஆபீசுக்கு மூணு தடவை போன் போட்டேன், "கடிச்சிச்சா? கடிச்சா சொல்லுங்க"ன்னாங்க.

அப்பவே உங்களுக்கும் எழுதுனேன், வரல. கடலூர்னா உங்களுக்கு 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் இந்த மூணுதான், அதுலயும் பெருமாள் ஏரி படத்துக்குக் கீழ வீராணம்னு போட்டீங்க, அதைச் சொல்லி எழுதுனதும் வரல. இருபது வருஷமா சந்தா கட்டுறவன், அதனால கேக்கக் கூடாதுன்னா சொல்லிடுங்க.

பெருசா ஒண்ணும் வேணாம். "நம்ம ஊர் ஆமையைப் பிடிக்காதீங்க, தொல்லைன்னா வனத்துறைக்குச் சொல்லுங்க"ன்னு ரெண்டு வரி போட்டா போதும். அந்த மோதிர விளம்பரத்துக்குப் பக்கத்துல நிறைய இடம் இருந்துச்சு.

ஈரலை வறுத்துச் சாப்பிட்டுட்டோம்.

இப்படிக்கு,
பழைய வாசகர், குறிஞ்சிப்பாடி