ஜுவா காலி ஒரு கம்பெனி இல்லை, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கென்யாவில் நடக்கும் தொழிற்பயிற்சி பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை ஆசையாக, இரண்டாம் தடவை நான் சரியாகத்தான் படித்தேனா என்று பார்க்க. நைரோபியின் ஏழைப் பிள்ளைகளுக்கு வெல்டிங், தச்சு எல்லாம் அப்புறம்தானாம், முதலில் நேரத்துக்கு வேலைக்கு வரும் பழக்கத்தைச் சொல்லித்தர வேண்டுமாம், அதுதான் வாழ்க்கைத் திறனாம். கட்டுரையாளர் நைரோபியில் தினமும் எத்தனை மணிக்கு எழுந்தார் என்று தெரிந்தால் நன்றாக இருக்கும். வெயிலில் உட்கார்ந்து தொழில் செய்கிறவர்களைக் குறிக்கும் 'ஜுவா காலி'யை வேறு ஒரு நிறுவனமாக்கிவிட்டார், அதற்கு அப்புறம் வருகிறேன்.

நான் ஐ.டி.ஐ. ஃபிட்டர். அந்த ஊர் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் பதினொரு வருடம் மெயின்டனன்ஸ் ஃபோர்மேன். காலை ஷிப்ட் ஏழு மணிக்கு. கிபேரா என்ற பெரிய குடிசைப் பகுதியிலிருந்து வரும் பையன்கள் மட்டாட்டு வேனுக்குக் காசில்லாமல் ரயில் தண்டவாளத்தை ஒட்டி நடந்தே வருவார்கள், இருட்டோடு கிளம்பினால்தான் ஏழுக்கு கேட்டில் நிற்கலாம். மழை என்றால் மட்டாட்டுக்காரர்கள் கட்டணத்தை ஏற்றிவிடுவார்கள், வழியெல்லாம் சேறு வேறு. அன்றைக்குப் பத்து நிமிடம் பிந்தினால் கேட்டுக்கு வெளியே காத்திருக்கும் இன்னொரு கேஷுவலுக்கு (தினக்கூலிக்கு) வேலை போய்விடும். கம்பெனி காரில் வந்த நான்தான் அடிக்கடி லேட். எனக்கு யாரும் வாழ்க்கைத் திறன் வகுப்பு எடுக்கவில்லை.

ஒரு பையனைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். விலேஜ் பாலிடெக்னிக்கில் இரண்டு வருடம் வெல்டிங் படித்துவிட்டு எங்களிடம் அட்டாச்மென்ட்டுக்கு, அதாவது வேலையிடப் பயிற்சிக்கு, வந்தான். நம்ம ஊர் பாலிடெக்னிக் மாதிரி நினைக்காதீர்கள். தொடக்கப் பள்ளியோடு நின்றுபோன பிள்ளைகளுக்காக 1960களின் கடைசியில் அங்கே சர்ச்சுகள் ஆரம்பித்தவை, இப்போது கவுன்டி (நம்ம மாவட்டம் மாதிரி) அரசுகள் கையில் இருக்கின்றன. அந்தப் பையன் வெல்டிங் ஹோல்டரைப் பிடித்த விதத்திலேயே கை பழகவில்லை என்று தெரிந்தது. கேட்டால், வகுப்பு முழுக்க ஒரே மெஷின், வெல்டிங் ராடு வாங்கப் பணமில்லாத மாதங்களில் போர்டில் படம் போட்டுப் பாடம். 1985-ல் 8-4-4 கல்வித் திட்டம் (எட்டு வருடம் தொடக்கப் பள்ளி, நாலு வருடம் உயர்நிலை, நாலு வருடம் பல்கலைக்கழகம்) வந்தபோது மரவேலை, உலோக வேலை எல்லாவற்றையும் பள்ளிப் பாடமாக்கினார்களே, பட்டறையே இல்லாத பள்ளிகளில் அதுவும் இப்படித்தான் ஏட்டோடு நின்றது. எங்களிடம் வந்து மூன்று மாதம் கழிவுத் தகட்டில் போட்டுப் பழகினான். அதற்கப்புறம் அவன் போட்ட ஜாயின்டில் கிரைண்டர் வைக்க எனக்கு மனசு வராது. வேலைக்கு எடுங்கள் என்று மேலே கேட்டேன். கிரேடு டெஸ்ட் (அரசுத் தொழில் தேர்வு) சான்றிதழ் இருக்கிறதா என்றார்கள். மூன்றாம் கிரேடில் ஆரம்பித்து ஒன்று வரை ஏற வேண்டும், ஒவ்வொன்றுக்கும் கட்டணம். மட்டாட்டுக்கே காசில்லாதவன் எங்கே போவான்?

நைரோபியில் தகர வேலைக்காரர்கள் கூடும் கமுகுஞ்சிக்குத்தான் போனான். உங்கள் கட்டுரையில் 'ஜுவா காலி என்ற நிறுவனம்' என்று வருகிறதே, அங்கேதான். சுவாஹிலியில் ஜுவா என்றால் சூரியன், காலி என்றால் கடுமை (நம்ம ஊர் 'காலி' இல்லை). கூரையில்லாமல் வெயிலில் உட்கார்ந்து தகரம் தட்டுகிறவர்களுக்கு ஊர் வைத்த பெயர் அது. 1972-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் குழு கென்யாவைப் பற்றி எழுதிய அறிக்கைக்குப் பிறகுதான் உலகமே 'முறைசாராத் துறை' என்று பேச ஆரம்பித்தது. தங்களுக்குத் தெரியாததா? நிறுவனமாம்! எம்.டி. யார் என்று போடாமல் விட்டதற்கு நன்றி.

மூன்று வருடம் முன்பு கென்ய ரயில் பற்றிய செய்திக்குச் சிங்கத்தின் படம் போட்டீர்கள். அப்போதும் எழுதினேன். பாராட்டாக இருந்த நாலு வரி மட்டும் அச்சில் வந்தது, அதிலும் என் பெயர் தப்பு. 'ஆப்பிரிக்கா என்ற நாட்டில்' என்று எத்தனை தடவை படித்திருக்கிறேன், 54 நாடு ஐயா அது.

வாழ்க்கைத் திறனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பக்கத்து உகாண்டாவில் பிராக் என்ற வங்கதேசத் தொண்டு அமைப்பு 2008 வாக்கில் பெண் பிள்ளைகளுக்கு மன்றங்கள் வைத்துத் தொழிலையும், உடம்பைப் பற்றிய அறிவையும், முடியாது என்று சொல்லும் தைரியத்தையும் சேர்த்தே கற்றுத்தந்தது. நாலு வருடத்தில் அந்த ஊர்களில் பதின்வயதுக் கர்ப்பம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததாக ஆய்வாளர்கள் கணக்குக் காட்டியிருக்கிறார்கள். சம்பாதிக்கும் பெண்களும் கூடினார்கள். அங்கே யாரும் தொழில் அப்புறம் என்று நிறுத்தி வைக்கவில்லை.

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த இதழில் ஜுவா காலி ஒரு நிறுவனம் அல்ல என்று ஒரு வரித் திருத்தம். ஓரத்தில் போட்டாலும் போதும்.

ஜனவரியில் போர்டிங் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்காகக் கமுகுஞ்சியில் டிரங்குப் பெட்டி செய்வார்கள். நான் ஊருக்குக் கிளம்பும்போது அந்தப் பையன் அப்படி ஒன்று தட்டிக் கொடுத்தான், காசு வாங்கவில்லை. உங்கள் பழைய இதழ்களை அதில்தான் அடுக்கி வைத்திருக்கிறேன். போன இதழ் மட்டும் இன்னும் வெளியே கிடக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபோர்மேன், அம்பத்தூர்