டிரங்க் டிக்கெட் எழுதியவள் சொல்வது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கண்காணிப்பும் கலையும் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். வழவழப்பான தாள், அருமையான படங்கள். எழுதியவர் நிறைய ஊர் பார்த்தவர் என்று தெரிகிறது. எல்லாம் சரி. கடைசிப் பத்தியில், “ஒளிக்க ஒன்றுமில்லாத நம் சாமானியர்களை இந்த அச்சம் இன்னும் வந்தடையவில்லை” என்று, கண்காணிக்கப்படும் அச்சத்தைப் பற்றி ஒரு வரி. அதைப் பெரிய எழுத்தில் கட்டம் கட்டி வேறு போட்டிருக்கிறீர்கள். கட்டத்துக்குள் இருக்கும் சாமானியர்களில் ஒருத்தி எழுதுகிறேன்.

நான் தொலைபேசி ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். வெளியூருக்கு நேராக டயல் செய்யும் எஸ்.டி.டி. வராத காலத்தில், வெளியூர் கால்களைக் கையால் இணைக்கும் டிரங்க் போர்டில் உட்கார்ந்தவள். மற்றதையெல்லாம் முந்தும் அவசர லைட்னிங் கால், குறிப்பிட்ட ஆளையே கூப்பிடச் சொல்லும் பி.பி. கால் எல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு காலுக்கும் ஒரு டிக்கெட் எழுதுவோம். பேசுகிற நம்பர், கேட்ட ஊர், கேட்ட நம்பர், இணைப்புக் கொடுத்த நேரம், பேசிய நிமிடம். பேச்சில் ஒரு சொல்கூட அதில் இராது. ஆனால் அந்த டிக்கெட் கட்டை மட்டும் வைத்துக்கொண்டு எந்த வீட்டில் சம்பந்தம் பேசுகிறார்கள், எந்த மளிகைக்கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் தவணை கேட்டுக்கொண்டிருக்கிறார், எந்த வீட்டு மாப்பிள்ளை பம்பாயிலிருந்து பேசுவதை நிறுத்திவிட்டார் என்று எங்களால் சொல்லிவிட முடியும். ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி நம்பரிலிருந்து ஒரு வீட்டுக்கு லைட்னிங் கால், உடனே அந்த வீட்டிலிருந்து நாலு ஊருக்கு கால் என்றால் கேட்கவே வேண்டாம். விடிந்ததும் மாலை வாங்கப் போகலாம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2013-ல், அமெரிக்க உளவுத்துறைக்காக வேலை பார்த்த எட்வர்ட் ஸ்னோடன் வெளியில் கொண்டுவந்த உளவு ஆவணங்களில் ஒரு முக்கியப் பகுதி இந்த டிக்கெட் சமாசாரம்தான். அந்த வருடம் மார்ச் மாதம் மட்டும் இந்தியாவிலிருந்து 630 கோடி தகவல்களை அள்ளியிருக்கிறார்கள் என்று கார்டியன் நாளிதழ் எழுதியது. அள்ளப்பட்ட நாடுகளின் வரிசையில் நமக்கு ஐந்தாம் இடம். அப்போதைய வெளியுறவு அமைச்சர் சல்மான் குர்ஷித் என்ன சொன்னார் தெரியுமா? யாரும் யாருடைய செய்தியையும் படிக்கவில்லை, அழைப்புகளின் போக்கைக் கணினி அலசுகிறது, அவ்வளவுதான் என்கிற அர்த்தத்தில் சமாதானம் சொன்னார். அவரை ஒரு நாள் எங்கள் போர்டில் உட்கார வைத்திருக்க வேண்டும். 630 கோடியில் உங்கள் சாமானியர் ஒருவர்கூடவா இல்லை?

கட்டுரையாளர் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் 2016-ல் ஆவணப்பட இயக்குநர் லாரா பாய்ட்ரஸ் வைத்த கண்காட்சியைப் பற்றி உருகியிருக்கிறார். படுத்துக்கொண்டு, டிரோன் பறக்கும் ஏமன் நாட்டு வானத்தைப் பார்க்கலாமாம். வெளியே வரும்போது, அப்படிப் படுத்திருப்பவர்களை வெப்பக் கேமரா படமெடுத்துக்கொண்டிருப்பது திரையில் தெரியுமாம். நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. டிரெவர் பாக்லன் என்ற கலைஞர் கடலுக்கடியில் மூழ்கி, உளவுத்துறை ஒட்டுக்கேட்கும் கேபிள்களைப் படம் எடுத்ததும் எனக்குப் பிடித்தது. கேபிள் என்றால் எங்கள் டெலிபோன் ஜாதிக்கு ஒரு பாசம் உண்டு. ஆனால் எனக்கு மனதில் நின்றவர், கட்டுரையாளர் இரண்டே வரியில் தாண்டிப் போன ஹசன் இலாஹிதான். வங்கதேசத்தில் பிறந்த அமெரிக்கக் கலைஞர். 2002-ல் டெட்ராய்ட் விமான நிலையத்தில் பிடித்து வைத்து, இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்கு மறுநாளான செப்டம்பர் 12 அன்று எங்கே இருந்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். மாதக்கணக்கில் எஃப்.பி.ஐ. விசாரணை, பொய் கண்டறியும் சோதனை. மனிதர் அலுத்துப்போய், நீங்கள் என்ன என்னைப் பார்ப்பது, நானே காட்டுகிறேன் என்று, தின்ற சாப்பாடு, இறங்கிய விமான நிலையம், போன கழிவறை எல்லாவற்றையும் படமெடுத்து இணையத்தில் போட ஆரம்பித்தார்.

அவர் அதைத் தானாகச் செய்தார், கலை என்றார்கள். நம் ஊர் நூறு நாள் வேலைப் பெண்கள் 2023 ஜனவரியிலிருந்து காலையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை வேலைத்தளத்தில் வரிசையாக நின்று, இடக்குறிப்போடு படமெடுக்கப்பட்டார்கள். படம் ஏறாவிட்டால் கூலிக்குச் சிக்கல். சண்டிகரிலும் நாக்பூரிலும் துப்புரவுத் தொழிலாளர் மணிக்கட்டில் ஜி.பி.எஸ். கடிகாரம் கட்டிவிட்டார்கள், எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று பார்க்க. 2025 ஜூலையிலிருந்து, கர்ப்பிணியும் பால்கொடுக்கும் தாயும் அங்கன்வாடியில் சத்துமாவு வாங்க முகத்தைக் காட்டி ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும் என்று மத்திய அரசு சொல்லிவிட்டது. இந்தப் படங்களையும் ஃபிரேம் போட்டு மாட்டி ஆறு பக்கம் எழுதச் சொல்லுங்கள், ஐயா. அச்சம் வந்தடைந்ததா இல்லையா என்று அப்புறம் பேசலாம்.

அந்தக் காலத்தில் ஒட்டுக்கேட்பே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஆனால் 1885-ம் வருடத்துத் தந்திச் சட்டம்கூட, பேச்சைத் திருட்டுத்தனமாகக் கேட்டு வெளியே சொன்ன ஊழியருக்கு மூன்று வருடம் வரை சிறை என்று எழுதி வைத்திருந்தது. அந்தப் பயத்தில் நாங்கள் வாயைத் திறந்ததில்லை. 1996-ல் உச்ச நீதிமன்றம், ஒட்டுக்கேட்க உள்துறைச் செயலர் மட்டத்தில் எழுத்து உத்தரவு வேண்டும் என்றது. சரி, நல்லது. பிறகு தகவலறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால், மத்திய அரசு மட்டும் மாதம் 7,500 முதல் 9,000 உத்தரவுகள் போடுவதாகப் பதில் வந்தது. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து நாளுக்கு 250-க்குக் குறையாது. அந்த அதிகாரி எதைப் படித்துக் கையெழுத்துப் போடுவார்?

2025 ஜூலையில் நம் சென்னை உயர் நீதிமன்றம், 2011-ல் போட்ட ஓர் ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தது. பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்தோ இல்லாமல், குற்றத்தைத் துப்பறிய வேண்டும் என்பதற்காக மட்டும் ஒருவரின் போனில் காது வைக்க முடியாது என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் எழுதினார். இதற்கு உங்கள் பத்திரிகையில் ஒரு துணுக்குகூட வரவில்லை. அந்த வாரம் எந்த நடிகர் எந்தக் கார் வாங்கினார் என்று வந்திருந்தது. 2021-ல், போனுக்குள் புகுந்து வேவு பார்க்கும் பெகாசஸ் மென்பொருள் விவகாரத்தின்போது நான் எழுதிய கடிதத்தை நாலு வரியாக நறுக்கி, “வாசகி வருத்தம்” என்று தலைப்பிட்டீர்கள். பிறகு உச்ச நீதிமன்றம் அமைத்த விசாரணைக் குழு 29 போன்களைச் சோதித்து 5-ல் தீய மென்பொருள் இருந்தது, பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றது. அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் சொன்னது. அறிக்கை முழுமையாக வெளிவரவில்லை. அதைப் பற்றியாவது எழுதுவீர்கள் என்று காத்திருந்தேன். காத்திருப்பது எங்களுக்குப் புதிதில்லை, டிரங்க் காலில் பழகினது.

இத்தனையும் எழுதிவிட்டுக் கேட்பது சின்ன விஷயம்தான். போன வருடம் முதல் உங்கள் சந்தாவைச் செயலி வழியாகத்தான் புதுப்பிக்க முடிகிறது. அது என் கைபேசி எண், பிறந்த தேதி, போனில் உள்ள எல்லா நம்பர்களையும் பார்க்கும் அனுமதி, நான் இருக்கும் இடம் எல்லாம் கேட்கிறது. புத்தகம் தபாலில் வர இது எதற்கு? போன தடவை கொடுத்தேன். அடுத்த வாரத்திலிருந்து நகைக்கடன் வேண்டுமா, முழங்கால் தைலம் வேண்டுமா என்று யார் யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். முழங்கால் வலி எனக்கு உண்டுதான். ஆனால் அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பழைய மாதிரி பெயரும் விலாசமும் மட்டும் கேட்கிற காகிதப் படிவம் ஒன்றைத் தபாலில் அனுப்புங்கள். மணியார்டர் அனுப்பிவிடுகிறேன். சந்தா இந்த மாதக் கடைசியில் முடிகிறது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
தென்காசி