ஆராய்ச்சித் திட்டப் பிரிவுப் பணியாளர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நிதியாண்டு முடிவின் அலுப்பு தீராமலே பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு செயற்குழு நான்கு முறை கூடியது. மார்ச்சில் கூட வேண்டியது கூடவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். சந்தா, கையிருப்பு விவரங்களைப் பொருளாளர் தம் அறிக்கையில் வாசிப்பார்.

மூத்த உறுப்பினர்கள் இருவர் பணி நிறைவு பெற்றனர். அவர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற மறுவாரமே, பழைய உபகரணப் பில் ஒன்றைத் தேடி அவருக்கு மூன்று முறை போன் போட்டோம். "பீரோ மேலே, பச்சை நாடா கட்டின ஃபைல்" என்றார். இருந்தது. இதைப் பாராட்டாகச் சொல்கிறேன், நம் பிரிவின் குறையாகவும் சொல்கிறேன்.

ஆராய்ச்சித் திட்டங்களுக்கு வரும் மானியத்தின் கணக்கைப் பார்ப்பது நம் வேலை. நம்மில் யாரும் இதற்கென்று படித்து வந்தவர்கள் இல்லை. தேர்வுப் பிரிவிலிருந்தோ சம்பளப் பிரிவிலிருந்தோ மாறுதலில் வந்து உட்கார்கிறோம். முதல் யூசி, அதாவது மானியம் எப்படிச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ், திரும்பி வரும் நாளில்தான் பாடம் தொடங்குகிறது. அமெரிக்காவில் இந்தப் பணியாளர்களுக்கு 1959-லேயே தேசிய அமைப்பு உருவாகிவிட்டது. இங்கே ஆராய்ச்சிக்கு நிதி தரும் இந்தியா அலையன்ஸ் அமைப்பு 2018-ல் ஆராய்ச்சி மேலாண்மைக்கென ஒரு முயற்சியைத் தொடங்கியது. நம் மேசைக்கு எதுவும் வந்து சேராததால், பயிற்சியை நாமே நடத்தினோம்: இரண்டு சனிக்கிழமைகள், டீ செலவு சங்கத்துடையது.

முடிந்துபோன திட்டம் ஒன்றின் சாங்ஷன் ஆர்டர் (மானிய ஒப்புதல் ஆணை), பில்கள், பாஸ்புக் பக்கங்கள் எல்லாவற்றையும் பெயர்களை மறைத்து ஜெராக்ஸ் எடுத்து, மேசைக்கு ஒரு கட்டு கொடுத்தோம். "12-ஏ படிவத்தில் யூசி போடுங்கள்." மதியச் சாப்பாட்டுக்குள் ஐந்து மேசையிலும் ஐந்து தொகை வந்தது.

உபகரணத்துக்கு மார்ச்சில் ஆர்டர் போட்டு, மே மாதம் பெட்டி வந்திருந்தது. சிலர் அதை அந்த ஆண்டுச் செலவிலேயே சேர்த்துவிட்டார்கள். ஆர்டர் போட்டது கடப்பாடு. பணம் போனால்தான் செலவு. இன்னொன்று பாஸ்புக்கின் கடைசி வரியில் இருந்த வட்டி, 1,846 ரூபாய். ஒரு மேசை அதைக் கண்டுகொள்ளவே இல்லை. இன்னொரு மேசை கன்டிஞ்சன்சியில் (சில்லறைச் செலவுக் கணக்கில்) சேர்த்துவிட்டது. 2017-ம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 230(8) தெளிவாகவே சொல்கிறது: மானியத்தில் விளைந்த வட்டி, கணக்கு முடித்தவுடன் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போய்ச் சேர வேண்டும். மத்திய அரசுக்குப் பணம் கட்டும் பாரத்கோஷ் இணையதளத்தில் கட்டி, ரசீதை யூசியோடு இணைக்க வேண்டும்.

அந்தக் கட்டு என் மேசையிலிருந்து போன ஃபைல் என்பதைப் பயிற்சி முடிவில்தான் சொன்னேன். அன்று அந்த வட்டியை நானும் கவனிக்கவில்லை. யூசி திரும்பியது, இரண்டாம் தவணை நின்றது, அந்தத் திட்டத்தில் இருந்த ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி) மாணவிக்கு ஐந்து மாதம் உதவித்தொகை இல்லை. தினமும் பதினொரு மணிக்கு வந்து, "சார், வந்துடுச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவார். 2023 ஜனவரி முதல் அந்த மாதத் தொகை 31,000-லிருந்து 37,000 ஆகியிருக்கிறது. தவணை நின்றால் இரண்டும் ஒன்றுதான்.

இரண்டாம் சனிக்கிழமை முழுக்க ஜிஎஸ்டி. உபகரணங்களுக்கு நமக்கிருந்த 5 சதவீதச் சலுகை 2022 ஜூலை 18-ல் போய்விட்டது. அதற்கு முன் வாங்கிய கொட்டேஷனை வைத்துப் பட்ஜெட் போட்ட திட்டங்கள் இன்றும் தடுமாறுகின்றன. பத்து லட்ச ரூபாய்க் கருவிக்கு வரி 50,000 என்று எழுதிய இடத்தில், 18 சதவீதத்தில் 1,80,000 கட்ட வேண்டும். மீதி 1,30,000-க்கு வேறு ஹெட்டிலிருந்து (செலவுத் தலைப்பிலிருந்து) எடுக்க முன் அனுமதி வேண்டும்; அந்தக் கடிதத்தை எழுதுவது எப்படி என்பதே தனி வகுப்பாகிவிட்டது.

ஆராய்ச்சி மானியத்துக்கே 18 சதவீத வரி என்று ஐஐடி டெல்லி உட்படச் சில நிறுவனங்களுக்கு நோட்டீஸ் போனபோது நாமும் பயந்தோம். ஜிஎஸ்டி கவுன்சிலின் 54-வது கூட்டம் 2024 செப்டம்பர் 9-ல் விலக்கு தரப் பரிந்துரைத்து, அக்டோபர் 10 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அரசு நிறுவனங்களும், 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 35-வது பிரிவில் அறிவிக்கை பெற்ற பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்களும் மானியத்தில் செய்யும் ஆராய்ச்சிச் சேவைக்குத்தான் இந்த விலக்கு. பேராசிரியர்கள் சிலர் "இனி கருவிக்கும் வரி இல்லையாமே" என்று வந்தார்கள். வாங்கும் பொருளுக்கு வரி உண்டு. இதை ஒரு தாளில் அச்சடித்து கவுண்ட்டர் கண்ணாடியில் ஒட்டிய பிறகு பாதிப் பேச்சு மிச்சமானது.

ஆராய்ச்சிக்கு மானியம் தந்த மத்திய அரசு வாரியமான செர்ப் இருந்த இடத்தில் இப்போது ஏஎன்ஆர்எஃப் வந்துவிட்டது. கடிதத் தலைப்பில் பழைய பெயரைப் போட்டு அனுப்பாதீர்கள். கருவூல ஒற்றைக் கணக்கு முறையில் செலவழிக்கும் வரம்பு மட்டுமே நமக்கு வரும்; பணம் நம்மிடம் தங்குவதில்லை, வட்டித் தொல்லையும் இல்லை. ஆனால் மார்ச் 31-க்குள் செலவழிக்காத வரம்பு போய்விடும். பணம் விடுவிக்கத் தேவையான டிஜிட்டல் கையெழுத்துக் கருவியை வைத்திருப்பவர் அந்த வாரம் ஊர்க் கோயில் திருவிழாவுக்குப் போனால் என்ன ஆகும் என்று இவ்வாண்டு பார்த்துவிட்டோம்.

நிர்வாகத்திடம் நாம் கொடுத்த மனு: பிரிவுக்கு மாறுதலில் வருபவருக்கு ஒரு வாரப் பயிற்சி, ஜனவரி முதல் ஜூன் வரை இங்கிருந்து யாரையும் மாற்றக் கூடாது, கையெழுத்துக் கருவிக்கு மாற்று ஆள். மூன்றாவது ஏற்கப்பட்டது. இரண்டாவது "பரிசீலனையில்". முதலாவதற்குப் பதிலே இல்லை. நினைவூட்டல் இரண்டு போயிருக்கின்றன.

யூசி கையேட்டின் முதல் பகுதி தட்டச்சாகிவிட்டது. பிழை பார்க்க மூன்று பேர் வேண்டும், கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்