ஹைன்ஸின் மருந்தும் நம் தெருப் பெண்களும்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். ஆச்சிக்கு முழங்கால் வலிதான். தைலம் தேய்க்கப் போனால் விரட்டுகிறாள்.

போன வாரம் கல்யாணப் பந்தியில் உன் பெரிய மாமா, "பிள்ளை டெல்லில தத்துவம் படிக்குதாமே, அதுக்கு என்ன வேலை கிடைக்கும்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். "அபிஷேகப்பட்டி யுனிவர்சிட்டிக்கே ஒரு தத்துவப் பேராசிரியர் பேரைத்தானே அண்ணே வச்சிருக்காங்க" என்றேன். மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரத்தில் தத்துவம் நடத்தியவர் என்பது பலருக்குத் தெரியாது. அவர் எழுதிய தமிழ்த்தாய் வாழ்த்தோடு சரி. மாமா ரசத்துக்குச் சோற்றில் குழி பறிக்க ஆரம்பித்துவிட்டார்.

நீ அனுப்பிய கேரல் கில்லிகன் கட்டுரையைப் படித்தேன். முதலில் இலக்கியம், அப்புறம் சைக்காலஜி, 1964ல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம். பேர் வாங்கித் தந்த புத்தகம் 1982ல்தான் வந்திருக்கிறது, வயது 40ஐத் தாண்டிய பிறகு. 29ல் வழி தெரியவில்லை என்று நீ அழுவது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது.

கோல்பெர்க் என்ற சைக்காலஜிக்காரர், நியாயம் அநியாயத்தை ஒருவர் எப்படி யோசிக்கிறார் என்பதற்குப் பையன்களை மட்டும் வைத்து அளவுகோல் செய்து, அதை வைத்தே பெண்பிள்ளைகளையும் அளந்தார் என்ற இடம் நன்றாகப் புரிந்தது. ஆனால் கில்லிகன் புத்தகத்தில் வரும் 11 வயதுச் சிறுமி ஏமி சொன்ன பதிலில்தான் மனசு நின்றது. சரி, நம் தெருவில் கேட்டுப் பார்ப்போம் என்று, மத்தியானம் பீடி சுற்ற உட்கார்ந்திருந்தவர்களிடம், ஏமியிடம் கேட்ட அதே ஹைன்ஸ் கதையைச் சொன்னேன். ஹைன்ஸ் என்கிறவனின் பெண்டாட்டி சாகக் கிடக்கிறாள், 200 டாலர் செலவில் செய்த மருந்துக்குக் கடைக்காரன் 2000 கேட்கிறான், திருடலாமா?

இலை வெட்டுகிற கத்தரி நிற்கவே இல்லை. "அவ தாலிய அடகு வச்சாச்சா?" என்றாள் ஒருத்தி. "கடைக்காரன் பெண்டாட்டியப் போய்ப் பாக்கச் சொல்லுங்க டீச்சர், காரியம் நடக்கும்" என்றாள் இன்னொருத்தி. அப்படியே ஏமிதான். பேசித் தீர்க்கலாம், உறவு முறியக் கூடாது என்கிற பதில். இதைத்தான் கில்லிகன் அக்கறை என்கிறார்.

மூலையில் இருந்த ஒரு அக்கா மட்டும் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "திருடணும். அவந்தான் ஏற்கெனவே மாட்டேன்னுட்டானே. பீடி சரியில்லன்னு கடையில கழிச்சுப் போடுதாம்லா, எத்தன தடவ பேசிப் பாத்திருக்கேன்? நாம பேசுனா யாரு கேக்கா?"

டீச்சர் ட்ரெயினிங் முடிகிற வரை நானும் பீடி சுற்றியவள்தான். கழித்துப் போட்டால் வாய் திறக்காமல் தட்டை எடுத்துக்கொண்டு திரும்புவேன். அதைப் பார்த்து ஊரில் பொறுமைசாலி என்றார்கள். நாளைக்கு இலையும் தூளும் தராமல் போய்விடுவானோ என்ற பயம் அது. பேசினால் தீரும் என்று ஏமிக்குத் தோன்றியதற்கு, அவள் பேச்சைக் கேட்க வீட்டில் ஆள் இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். கில்லிகன் பார்த்ததில் வசதியான வீட்டுப் பெண்கள்தான் அதிகம் என்று குறை சொன்னவர்கள் உண்டென்று நீயே எழுதியிருந்தாய். அக்கறை எது, பயம் எது என்று பிரித்துப் பார்க்கத் தத்துவமும் வேண்டும், சைக்காலஜியும் வேண்டும். உன் ஆராய்ச்சியில் இதை எடுத்துக்கொள்ளேன். பெண் என்றாலே மனசு இளகியவள் என்று மட்டும் எழுதிவிடாதே. இங்கே நான் யார் முகத்திலும் விழிக்க முடியாது.

அந்த அக்கா சொன்னதைச் சேர்ப்பதானால் பேர் போடாதே. அவளிடம் கேட்டுவிட்டேன், சரி என்றாள்.

கைடு எந்தத் துறை என்று முடிவானதும் போன் போடு. ஆவணியில் இன்னும் இரண்டு கல்யாணம் இருக்கிறது, மாமா மறுபடியும் கேட்பார்.

அன்புடன்,
அம்மா
முக்கூடல்