‘பனியும் நாங்களும்’ புத்தகத்தைக் காய்ச்சல் புத்தகமாக அடித்து அனுப்பியது பற்றி

அனுப்புநர்: ஒன்பது பேர் சார்பில் ஒரு ஜீப் ஓட்டுநர், சூரியநெல்லி, இடுக்கி மாவட்டம், கேரளா.
பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, போட்டோ புத்தகம் அச்சிடும் உங்கள் நிறுவனம்.
நாள்: 12.01.2026
பொருள்: ஒப்புதல் கொடுத்த முன்னோட்டம் ஒன்று, கைக்கு வந்த புத்தகம் வேறு. 9 பிரதிகளையும் திரும்ப அச்சிட்டுத் தருவது பற்றி.

ஐயா / அம்மா,

உங்கள் செயலியில் மூன்று முறை புகார் பதிந்தேன். இரண்டு முறை ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று வந்தது, மூன்றாவது முறை அடுத்த ஆர்டருக்கு 10 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் வந்தது. அடுத்த ஆர்டர் யார் கேட்டார்கள்? அதனால்தான் இப்படி உட்கார்ந்து நீளமாக எழுதுகிறேன். படிக்கிறவர் இயந்திரமாக இல்லாமல் ஒரு ஆளாக இருந்தால் நல்லது.

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். 2022 பிப்ரவரியில் பெய்ஜிங்கில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது எங்கள் ஜீப் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடை டிவியில் நாங்கள் ஒன்பது பேரும் முடிந்தவரை உட்கார்ந்து பார்த்தோம். சவாரி குறைவான நேரம், கொரோனா முழுக்க ஓயவில்லை, அதனால் கொலுக்குமலைக்கு விடியற்காலைச் சவாரி முடித்துவிட்டு வந்தால் மிச்ச நாள் சும்மாதான். பெய்ஜிங் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் என்பதால் அங்கே காலைப் போட்டி என்றால் இங்கே டீயும் பன்னும் வைத்துக்கொண்டு பார்க்கிற நேரம். எங்கள் ஊரில் ஜனவரியில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும், தேயிலை கருகும், ஆனால் பனியில் சறுக்கி விளையாடுவதை அதற்கு முன் ஒருத்தரும் ஒழுங்காகப் பார்த்ததில்லை. அந்தப் பதினேழு நாளும் போனில் எடுத்த படங்கள், கடை, ஆட்கள், பிள்ளைகள், டிவிக்கு முன்னால் வாய் பிளந்து நிற்கிற முகங்கள் எல்லாம் சேர்த்து 32 பக்கப் புத்தகம் போட்டு, வருகிற பிப்ரவரி 6-ஆம் தேதி இத்தாலியில் மிலான், கோர்ட்டினாவில் அடுத்த ஒலிம்பிக் தொடங்கும்போது ஆளுக்கொன்று கையில் வைத்திருக்க வேண்டும் என்பது திட்டம். தலைக்கு 850 ரூபாய், மொத்தம் 7,650. அதில் இரண்டு பேர் கொழுந்து பறிக்கிறவர்கள் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

பார்சல் பூப்பாறையிலேயே நின்றுவிட்டது, நானே போய் எடுத்துவந்தேன். சரி, அதை விடுங்கள்.

அட்டையைப் பார்த்ததும் தலை சுற்றியது. நாங்கள் கொடுத்த தலைப்பு ‘பனியும் நாங்களும்’. வந்த அட்டையில் அது மலையாளத்தில் இருந்தது. பின்கோடு கேரளா என்பதால் தலைப்பு தானாக அந்த மாநில மொழிக்கு மாறும் என்று உங்கள் சாட்டில் பதில் வந்தது. தமிழில் எழுதி, தமிழில் ஒப்புதல் கொடுத்த தலைப்பை பின்கோடு பார்த்து மாற்றுவீர்களா? எங்கள் ஊரைப் பற்றி உங்கள் மென்பொருளுக்கு என்ன தெரியும்? சூரியநெல்லியிலிருந்துதான் கொலுக்குமலைக்கு ஜீப் பாதை, ஆனால் பாதி வழியில் எல்லை தாண்டி மலை உச்சி தேனி மாவட்டத்தில் இருக்கிறது. காலையில் கேரளாவில் வண்டியெடுத்து தமிழ்நாட்டில் சூரியன் பார்த்துவிட்டு மறுபடி கேரளாவில் வந்து டீ குடிக்கிற ஊர் இது. எங்களுக்கு மலையாளத்தின் மேல் வருத்தம் ஒன்றும் இல்லை, பள்ளியில் படித்ததே அதுதான். பிரச்சினை வேறு. உங்கள் மென்பொருள் மொழிபெயர்க்கவும் இல்லை, எழுத்தை மட்டும் மாற்றியிருக்கிறது. மலையாளத்தில் ‘பனி’ என்றால் காய்ச்சல். நம் பனிக்கு அவர்கள் சொல்வது ‘மஞ்ஞு’. ஆக, அட்டையில் ‘காய்ச்சலும் நாங்களும்’, அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் ‘பிப்ரவரி 2022’.

டீக்கடைச் சேட்டன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “எடா, நமக்கெல்லாம் கொரோனா வந்த கதையா இது, நான் எப்ப ஆஸ்பத்திரியில கிடந்தேன்?” என்று கேட்டார். சிரிப்பு அடங்கவே கொஞ்ச நேரம் ஆனது. அதில் இன்னொரு வேடிக்கை, பெய்ஜிங் போட்டியே காய்ச்சலுக்குப் பயந்து பயந்து நடந்ததுதான். வெளிநாட்டு ரசிகர்களுக்கு அனுமதி கிடையாது, வீரர்களை வெளியே விடாமல் ஒரு வளையத்துக்குள் வைத்திருந்தார்கள், தினமும் தொண்டையில் குச்சி விட்டுச் சோதனை. அந்த வகையில் உங்கள் அட்டை பொருந்தித்தான் போகிறது, ஆனால் நாங்கள் காசு கொடுத்தது அதற்கில்லை.

உள்ளே போவோம். முதல் இரண்டு பக்கம் ஒழுங்காக வந்திருக்கிறது, அதை மறைக்கவில்லை. பிப்ரவரி 4-ஆம் தேதி சாயங்காலம் தொடக்க விழா பார்க்கக் கூடியிருந்தபோது எடுத்த படம் அது. நம் வீரர்களோடு நடந்த கல்வான் எல்லை மோதலில் இருந்த சீன ராணுவ அதிகாரியை ஜோதி ஏந்த வைத்ததால் விழாவைக் காட்டப்போவதில்லை என்று தூர்தர்ஷன் முந்தின நாளே அறிவித்திருந்தது, எங்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. அந்த முடிவில் எங்களுக்கு மாற்றுக் கருத்து கிடையாது. டிவியில் வேறெதுவோ ஓட, எல்லோரும் அதையே முறைத்துப் பார்க்கிற படம் நன்றாக விழுந்திருக்கிறது.

அதற்கப்புறம்தான் கூத்து. ‘கொ’, ‘போ’, ‘கோ’ வருகிற இடமெல்லாம் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் எங்கேயோ கிடக்கிறது, நடுவில் புள்ளி வட்டம் வேறு. கொலுக்குமலை, போட்டி, கோப்பை ஒன்றும் படிக்க முடியவில்லை. போனில் முன்னோட்டம் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது, திரைப்பிடிப்பு எடுத்து வைத்திருக்கிறேன், இணைத்திருக்கிறேன். ‘நீங்கள்தான் ஒப்புதல் கொடுத்தீர்கள்’ என்று தயவுசெய்து இன்னொரு முறை சொல்லாதீர்கள். ஒப்புதல் கொடுத்தது அந்த முன்னோட்டத்துக்கு. அச்சுக்குப் போகும் வழியில் தமிழ் எழுத்தைச் சேர்க்கத் தெரியாத ஏதோ ஒரு மென்பொருளில் போட்டது நீங்கள்.

எழுத்துப்பிழை திருத்துகிறேன் என்று செய்தது அதைவிட மோசம். ஐஸில் கல்லைச் சறுக்கிவிட்டு ஆடுகிற கர்லிங் பக்கத்துக்கு நாங்கள் எழுதியது: ‘20 கிலோ கல்லைத் தள்ளிவிட்டு முன்னால் ஓடி ஓடிப் பெருக்குகிறார்கள்.’ வந்திருப்பது ‘20 கிலோ கள்ளை.’ கள்ளு ஷாப்பு இருக்கிற மாநிலத்தில் இந்தப் பிழையோடு ஒரு புத்தகத்தை எப்படி வெளியே காட்டுவது? அந்தப் பக்கத்தில் படமாக இருப்பவர் எங்கள் லயத்து அக்கா, வாழ்நாளில் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர், துடைப்பத்தோடு போஸ் கொடுத்திருக்கிறார், அவர் காலடியில் ‘கள்’. அன்றைக்கு இத்தாலி ஜோடி ஸ்டெபானியா கான்ஸ்டன்டினியும் ஆமோஸ் மோசனரும் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் தங்கம் எடுத்ததைப் பார்த்து, “இவ்வளவு வேகமாப் பெருக்கினா தரை தேஞ்சுபோகும்” என்று அக்காதான் சொன்னார். கிட்டத்தட்ட சரிதான், தேய்க்கிற சூட்டில் ஐஸின் மேற்பரப்பு லேசாக இளகி உராய்வு குறைவதால்தான் கல் இன்னும் கொஞ்ச தூரம் நேராகப் போகிறது. அந்தக் கான்ஸ்டன்டினி இப்போது ஒலிம்பிக் நடக்கப்போகிற கோர்ட்டினா ஊர்க்காரர். அதனால் இந்தப் பக்கத்தைத்தான் முதலில் விரித்து வைக்கணும் என்று அக்கா சொல்லியிருந்தார்.

ஐஸில் சறுக்கி நடனமாடுகிற ஜப்பானின் யுசுரு ஹான்யு பக்கத்தில் ‘நான்கரைச் சுற்று’ என்பது ‘நாற்காலிச் சுற்று’ ஆகியிருக்கிறது. முன்பக்கம் பார்த்தபடி எம்பிப் பின்பக்கமாக இறங்குவதால் அந்தத் தாவலில் நாலோடு அரைச் சுற்று கூட வரும், அதைப் போட்டியில் முயன்று கீழே விழுந்து, எழுந்து ஆடி முடித்து நாலாவது இடம் வந்தார் மனிதர். அதற்கு முன்னால் இரண்டு ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவருக்கு அந்தத் தாவல் தேவையே இல்லை. அதைப் பிள்ளைகள் பார்த்துவிட்டு சாக்ஸ் மாட்டிக்கொண்டு சிமெண்ட் தரையில் சுற்றிய படத்துக்கு மேலே நாற்காலி.

நார்வே பக்கத்தில் ஐஸ்லாந்து கொடி. இரண்டும் நிறம் மாற்றிப் போட்ட மாதிரிதான் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அந்த ஒலிம்பிக்கில் 16 தங்கம் எடுத்து, ஒரே குளிர்காலப் போட்டியில் அதுவரை யாரும் எடுக்காத எண்ணிக்கையைத் தொட்ட நாட்டின் கொடியையா மாற்றுவது? அதே ஐஸ் நடனம் ஆடுகிற ரஷ்யப் பெண் கமிலா வலியேவா பக்கத்தில் ‘ஊக்கமருந்து’ என்று எழுதிய இடமெல்லாம் நட்சத்திரக் குறி. 15 வயசுப் பெண் விழுந்து விழுந்து ஆடியதைப் பார்த்து அன்று கடையே அமைதியானது, பிறகு 2024 ஜனவரியில் விளையாட்டு நடுவர் மன்றம் ஊக்கமருந்துக்காக அவர் முடிவுகளை ரத்து செய்தது, அதுவரை தராமல் வைத்திருந்த அணிப் போட்டிப் பதக்கத்தை அமெரிக்காவும் ஜப்பானும் அதே ஆண்டு ஆகஸ்டில் பாரிஸில்தான் கையில் வாங்கின. இதைத்தான் எழுதியிருந்தோம். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

ஷிவ கேசவன் பக்கத்தைச் சேட்டன் கேட்டுச் சேர்த்தோம். பெய்ஜிங்கில் அவர் இல்லை, 1998 முதல் 2018 வரை ஆறு ஒலிம்பிக்கில் லூஜ் என்கிற ஐஸ் சறுக்கு வண்டியில் மல்லாந்து படுத்து இந்தியாவுக்காகப் போனவர், மணாலிக்காரர், ஆனால் அப்பா தலச்சேரி. “நம்மட ஆளு” என்று சேட்டன் நாலு வருஷமாகச் சொல்கிறார். பெயரைப் பார்த்து சாமி என்று நினைத்து உங்கள் செயலி பக்கத்தைச் சுற்றி குத்துவிளக்கும் மணியும் வைத்துவிட்டது. சேட்டனுக்கு இது பிடித்திருக்கிறது, இதை மட்டும் மாற்ற வேண்டாம் என்கிறார். நான் மாற்றச் சொல்கிறேன்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது 18, 19-ஆம் பக்கத்தைப் பார்த்துத்தான். ஆரிஃப் கான். அந்த ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து போன ஒரே ஆள், குல்மார்க் பக்கத்துக்காரர், அப்பா பனிச்சறுக்குச் சாமான் கடை வைத்திருப்பவர். பிப்ரவரி 13, ஞாயிறு, ஜெயண்ட் ஸ்லாலம், அதாவது நட்டு வைத்த கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து மலையிலிருந்து இரண்டு முறை சறுக்கி இறங்குகிற போட்டி. போட்டி முழுக்க இயந்திரத்தில் செய்த பனியில்தான் நடத்தினார்கள், அன்றைக்குப் பார்த்து நிஜப் பனி கொட்டியது, எதிரே ஒன்றும் தெரியவில்லை. கிட்டத்தட்ட 90 பேர் இறங்கினார்கள், பாதிப் பேர் வரை முடிக்கவே இல்லை. மூடுபனியில் கொலுக்குமலைப் பாதையில் வண்டி ஏற்றி இறக்குகிறவனுக்குத் தெரியும், அடுத்த வளைவு கண்ணுக்குத் தெரியாதபோது கால் எங்கே இருக்க வேண்டும் என்று. அவர் இரண்டு முறையும் கீழே வந்து சேர்ந்தார், 45-வது இடம், தங்கம் எடுத்த சுவிஸ்காரர் மார்கோ ஓடர்மாட்டைவிட 37 வினாடிக்கும் மேல் பின்னால். மூன்று நாள் கழித்து ஸ்லாலத்தில் முடிக்க முடியவில்லை, அதையும் எழுதியிருந்தோம். நாங்கள் கடைக்கு வெளியே வெல்லம் கொடுத்தோம், லட்டு வாங்கக் காசில்லை. அந்தப் படத்தின் மேல் நீங்கள் ஒரு தங்கப் பதக்கப் படத்தை ஒட்டி ‘வாழ்த்துகள், சாம்பியன்!’ என்று அச்சடித்திருக்கிறீர்கள், ‘45’ என்ற எண்ணே அதற்கடியில் மறைந்துவிட்டது. யார் கேட்டார்கள் அந்தப் பதக்கத்தை? 45 தெரிய வேண்டும். பெரிதாகத் தெரிய வேண்டும்.

எங்கள் பக்கத் தவறு ஒன்று உண்டு, 12-ஆம் பக்கத்தில் ஆண்டை 2021 என்று போட்டது நான்தான். அதைத் திருத்தித் தந்திருக்கிறேன், அதற்குக் காசு கேட்டால் தருகிறேன்.

வேண்டியது இதுதான். முன்னோட்டத்தில் இருந்தபடியே, பின்கோடு திருத்தம், எழுத்துத் திருத்தம், அலங்காரம் எதுவும் இல்லாமல், 9 பிரதிகளை ஜனவரி 31-க்குள் சூரியநெல்லிக்கே, பூப்பாறைக்கு இல்லை, அனுப்ப வேண்டும். முடியாது என்றால் 7,650 ரூபாயும் திரும்ப வர வேண்டும், கூப்பனாக இல்லை. இரண்டும் நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் பதிவு செய்வேன், அப்புறம் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், உங்கள் ஊருக்கு வர வேண்டியதில்லை என்பதையும் விசாரித்து வைத்திருக்கிறேன்.

ஒன்பதில் ஒரு பிரதி மட்டும் சேட்டனுக்காக மலையாளத்திலேயே இருக்கட்டும். வாசகங்களை அவரே கையால் எழுதித் தந்திருக்கிறார், படம் எடுத்து இணைத்திருக்கிறேன். அட்டையில் ‘மஞ்ஞு’ என்று இருக்கும், அதை ‘திருத்த’ வேண்டாம்.

இப்படிக்கு,
சூரியநெல்லி ஜீப் ஓட்டுநர்
(மற்ற எட்டுப் பேரும் படித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்)