எத்தனை மணிக்குத் தேட வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு வாசகர் பகுதியில் ஒருவர், தனியாக மலையேறுகிறவர்களுக்குத் திமிர் அதிகம், காணாமல் போனால் தீயணைப்புப் படைக்குத்தான் தொல்லை என்று வெளுத்து வாங்கியிருந்தார். அவருடைய கோபம் புரிகிறது. ஆனால் 54 வயதில் தன்னந்தனியாக ஒரு நீண்ட நடை போய்த் திரும்பியவன் என்பதால் எனக்கும் கொஞ்சம் சொல்ல இருக்கிறது.

கடந்த மார்ச்சில் நியூசிலாந்துத் தென் தீவின் மேற்குக் கரையில் உள்ள கோப்லண்ட் பள்ளத்தாக்கில் ஏறினேன். ஃபாக்ஸ் கிளேசியர் ஊருக்குத் தெற்கே நெடுஞ்சாலையில் தொடங்கி, ஆற்றை ஒட்டியே 18 கிலோமீட்டர், வெல்கம் ஃப்ளாட் என்ற மலைக்குடில் வரை. ஏழு மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள், எனக்கு ஒன்பது ஆனது, அதில் அரை மணி நேரம் மணல் ஈயை அடித்ததிலேயே போயிருக்கும். கொஞ்ச தூரம் காடு, கொஞ்ச தூரம் ஆற்றுப் பாறை, இடையிடையே ஆடுகிற கம்பிப் பாலம், மரத்தில் அடித்திருக்கும் ஆரஞ்சு முக்கோணத்தைத் தவறவிடாமல் போக வேண்டும். கைப்பேசியில் ஒரு கோடு கூட வராது. குடிலுக்குப் பக்கத்தில் சேறும் பாசியுமாக வெந்நீர்க் குட்டைகள் இருக்கின்றன. தலையை மட்டும் முக்காதீர்கள், மூக்கு வழியாக அமீபா ஏறும் என்று எச்சரிக்கிறார்கள், அதனால் கழுத்து வரை உட்கார்ந்து பனிமலையைப் பார்த்தேன். சரி, சொல்ல வந்தது அது இல்லை.

குடிலுக்குள் ஒரு தடித்த நோட்டு இருக்கிறது. பெயர், எத்தனை பேர், எங்கிருந்து வந்தாய், அடுத்து எங்கே, எந்தத் தேதி என்று கட்டம் கட்டமாக. அங்கே தங்காமல் கடந்து போகிறவர்களும் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும், ஏனென்றால் ஒருவரைக் காணவில்லை என்றால் தேடுகிறவர்கள் முதலில் புரட்டுவது அந்த நோட்டைத்தான். இது போதாதென்று ஊரில் உள்ள ஒருவரிடம் இரண்டு நேரம் சொல்லிவிட்டு வர வேண்டும்: எப்போது திரும்புவேன், எப்போது வரை வராவிட்டால் போலீசைக் கூப்பிட வேண்டும். என் மனைவி சமையலறை நாட்காட்டியில் 'வியாழன் 6 திரும்புவார், சனி 12 தேடு' என்று எழுதி, நியூசிலாந்து நேரம் மலேசியாவில் இருக்கும் நமக்கு ஐந்து மணி முன்னால் என்பதையும் ஓரத்தில் குறித்து வைத்திருந்தார். வாடகைக்கு எடுத்த அவசரச் சமிக்ஞைக் கருவி ஒன்றும் பையில் இருந்தது, நல்லவேளை அதைத் தொடவில்லை.

வியாழன் விடிகாலை பேய்மழை. வரும்போது கணுக்கால் நனைந்த ஓடைகள் எல்லாம் எப்படி இருக்கும் என்று போய்ப் பார்க்கவே தேவையில்லை, ஆற்றில் பாறைகள் உருளும் சத்தம் குடிலுக்குள்ளேயே கேட்டது. மலை ஓடையில் திடீரென்று பாய்ந்து வரும் வெள்ளத்தை நம் ஊரில் கெப்பாலா ஆயர் என்று சொல்கிறோமே, அதுதான். இன்னொரு இரவு தங்கினேன். குடிலில் இருந்த ஒரு வயதான தம்பதி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் எத்தனை மணிக்கு உங்களைத் தேட ஆரம்பிப்பார்கள்?" சனி மதியம் என்றதும், அப்படியானால் தேநீர் குடிக்கலாம் என்று கெட்டிலை வைத்தார்கள். வெள்ளி மாலை நெடுஞ்சாலைக்கு இறங்கி, ஊருக்குப் போய் வீட்டுக்கு அழைத்தேன். மனைவி யாரையும் கூப்பிட்டிருக்கவில்லை. கோபமாக இருந்தார், அது வேறு கதை.

இங்கே பினாங்கில் என் அக்கா மகன் ஒரு மாலை வேலை முடிந்து மலைக்குப் போனவன் இரவு வரை வரவில்லை, போனில் பேட்டரி தீர்ந்துவிட்டது. தண்ணீர்மலைப் பக்கமா, ஆயர் ஈத்தாம் பக்கமா என்று யாருக்கும் தெரியாமல் மாமா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் டார்ச் லைட்டோடு அலைந்தோம். அவன் தனியாகப் போனதில் எனக்கு வருத்தம் இல்லை, ஒரு வரி எழுதி வைக்காமல் போனதுதான். பத்துப் பேராகப் போயிருந்தாலும் சொல்லாமல் போயிருந்தால் பத்துப் பேரையும் அப்படித்தான் தேடியிருப்போம்.

தெலுக் பஹாங் தேசியப் பூங்காவில் நுழையும்போதே பதிகிறார்கள். மற்ற மலைப் பாதைகளின் தொடக்கத்திலும் ஒரு நோட்டும் கயிற்றில் கட்டிய பேனாவும் வைக்கலாம். அதுவரை வீட்டு நாட்காட்டி போதும்.

இந்த ஞாயிறு எங்கள் குழு கொடிமலை ஏறுகிறது. நாசி லெமாக் யார் வாங்குவது என்று வாட்ஸ்அப்பில் நாற்பது செய்தி வந்துவிட்டது. நான் மட்டும், "மூன் கேட்டில் 6.30க்கு ஏறுகிறோம், 12க்கு இறங்கிவிடுவோம், 3 மணி வரை வராவிட்டால் அவசர எண் 999, வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள்" என்று போட்டேன். இதுவரை மூன்று பேர் சிரிக்கிற பொம்மை அனுப்பியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பினாங்கு